ஒரே காசுக்குப் பழைய ஜீப்பா, சின்னக் காரா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வெள்ளவத்தையில் பிளாட் ஒன்றில் இருக்கிறார். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள தாயார். கையில் 80 இலட்சம். அந்தக் காசுக்கு மச்சான் தன்னுடைய 1990களின் மொண்டெரோ டீசல் ஜீப்பைத் தருகிறேன் என்கிறார். இல்லாவிட்டால் சில வருடமே ஓடிய சின்ன ஹட்ச்பேக் ஒன்றை வாங்கலாம். வேலை கோட்டையில், பள்ளிக்கூடம் பம்பலப்பிட்டியில். வருடத்தில் மூன்று நாலு தடவை யாழ்ப்பாணம் போக வேண்டும், மாரியில் ஒரு தடவை ஒட்டுசுட்டான் பக்கம் உள்ள காணிக்கும் போக வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் எண்ணெய்ச் செலவுக் கேள்வி. ஆனால் உண்மையான கேள்வி அவருடைய கடைசி வரியில் இருக்கிறது: "சின்னக் கார் அடிபட்டால் அப்பளமாகிவிடும் என்று மனைவி பயப்படுகிறா." அதாவது, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சின்னக் காரில் போவது பொறுப்பில்லாத வேலையா என்று கேட்கிறார். அதற்குத்தான் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் போகிற வழியில் வரும்.

நான் காப்புறுதி நிறுவனங்களுக்காக விபத்து வாகனங்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அதற்கு முன் கராஜில் வேலை. ஆகவே நொறுங்கிய வாகனங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு குறையும் உண்டு. என் முன்னால் வருவது அடிபட்டவை மட்டும். மயிரிழையில் தப்பி வீடு போய்ச் சேர்ந்த வண்டிகள் என் கணக்கில் வருவதில்லை. ஆகவே என் அனுபவத்தில் இருந்து சொல்வதைவிட, கணக்காகவே நிறுவக்கூடியதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் மனைவியின் பயத்தில் உண்மை இருக்கிறது. ஒரு தொன் எடையுள்ள காரும் இரண்டு தொன் ஜீப்பும் இரண்டுமே மணிக்கு 60 கிலோமீற்றரில் வந்து நேருக்கு நேர் மோதினால், மோதிய கணத்தில் கார் 80 கிலோமீற்றர் அளவுக்கு வேக மாற்றத்தைத் தாங்க வேண்டும்; ஜீப் 40 மட்டும்தான் தாங்கும். உள்ளே இருப்பவரின் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த வேக மாற்றம்தான். ஜீப்பில் இருப்பவர் தப்புகிறார், அதற்கான விலையை எதிரே வந்த சின்னக் காரில் இருப்பவர் கொடுக்கிறார். இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஏ9இல் இரவில் நீங்கள் உண்மையில் பயப்படுவது எதற்கு? எதிரே வருகிற இன்னொரு காருக்கா? இல்லை, முந்திக்கொண்டு வருகிற பஸ்ஸுக்கும் லொறிக்கும்தானே. சரி, அதே கணக்கை 12 தொன் பஸ்ஸை வைத்துப் போடுவோம், வேகம் அதே 60. ஒரு தொன் காருக்கு வேக மாற்றம் ஏறக்குறைய 111 கிலோமீற்றர். இரண்டு தொன் ஜீப்புக்கு ஏறக்குறைய 103. வித்தியாசம் 8 கிலோமீற்றர்தான். எடை இரண்டு மடங்கானாலும் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டுமே இலேசான வண்டிதான். மரத்திலோ மதகிலோ தனியாகப் போய் மோதினால் எடையால் நன்மை இல்லை, ஏனென்றால் மதகு நகராது. முன்பக்கம் எவ்வளவு நீளம், அது எப்படி மடிகிறது என்பதுதான் அங்கே கேள்வி. தூக்கக் கலக்கத்தில் வீதியை விட்டு இறங்கும் விபத்துகள் பெரும்பாலும் இந்த வகை. 'பெரிய வண்டி என்றால் பாதுகாப்பு' என்ற நம்பிக்கை ஒருவகை மோதலுக்கு முழு உண்மை, நீங்கள் அதிகம் பயப்படுகிற மோதலுக்குக் கால்வாசி உண்மை.

அடுத்தது வயது. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1990களின் மொண்டெரோ தனிச் சட்டகத்தின் மேல் உடலை ஏற்றிக் கட்டிய வண்டி. தட்டிப் பார்த்தால் இரும்பு கெட்டியாக இருக்கும், சின்ன இடிகளில் பம்பர்கூட நெளியாது. ஆனால் பெரிய மோதலில் முன்பக்கம் நெளியாவிட்டால் அந்த அதிர்ச்சி உள்ளே இருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். முன்பக்கம் கணக்காக மடிந்து அடியை உறிஞ்ச வேண்டும், ஆட்கள் இருக்கும் கூடு மட்டும் மடியக்கூடாது: இதுதான் பிற்காலத்து வண்டிகளின் வடிவமைப்பு. சேதம் பார்க்கப் போகும்போது இதை அடிக்கடி விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. முன்பக்கம் முழுவதும் சுருண்டுபோன ஒரு காரைக் காட்டி "பார்த்தீர்களா, தகரம்" என்பார்கள். கதவுகள் நாலும் சாதாரணமாகத் திறக்கும், ஸ்டியரிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அது தன் வேலையைச் சரியாகச் செய்த கார்.

எயார்பேக்கும் ஏபிஎஸ்ஸும் பலருக்குத் தெரியும். அவற்றைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது, வண்டி வழுக்கத் தொடங்கும்போது தனித்தனிச் சக்கரங்களுக்கு பிரேக் கொடுத்து அதை நேராக்கும் கட்டுப்பாடு. டொயோட்டாவில் விஎஸ்சி என்றும் சுசுக்கியில் ஈஎஸ்பி என்றும் பெயர். ஜப்பானில் 2012இல் இருந்து படிப்படியாக இதைக் கட்டாயமாக்கினார்கள், மிகச் சின்ன 660 சிசி கார்களுக்குச் சற்றுப் பிந்தி வந்தது. மழையில் மாட்டுக்கு விலத்தி ஸ்டியரிங்கை வெட்டுகிற கணத்தில் வேலை செய்வது இதுதான். உயரமான ஜீப்பில் அந்த வெட்டு இன்னும் ஆபத்து. பாரம் மேலே இருப்பதால் புரளக்கூடும். மச்சானின் வண்டியில் இந்தக் கட்டுப்பாடு இருக்காது, அந்தக் காலத்தில் விலை உயர்ந்த சில கார்களில்தான் இது வரத் தொடங்கியிருந்தது.

நாலு சக்கர இழுவை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது வண்டியை நகர்த்துவதற்கு. நிறுத்துவதற்கு அல்ல. எல்லா வண்டிகளும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கின்றன. ஈர வீதியில் ஜீப் சுலபமாக வேகம் எடுக்கிறது என்பதற்காக அதே வேகத்தில் நிற்கும் என்று நினைக்கக்கூடாது. ஓட்டுகிறவருக்கு உயரத்தில் இருக்கும்போது வேகம் குறைவாகத் தெரியும், அது இன்னொரு தொல்லை.

ஜீப்புக்குச் சாதகமானவையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரவில் மாட்டில் மோதினால் தாழ்ந்த காரின் பம்பர் அதன் கால்களைத் தட்டிவிடும், உடம்பு பொனட்டில் ஏறி முன்கண்ணாடிக்கு வரும். உயர்ந்த ஜீப்பில் அந்த அடி பெரும்பாலும் முன்பக்கத்தோடு நின்றுவிடும். வன்னிப் பகுதியில் ஏ9இல் இரவில் மாடு படுத்திருப்பது உங்களுக்கே தெரியும். புத்தளம் – அனுராதபுரம் வீதியில் யானையும் வரும், யானைக்கு முன்னால் எந்த வண்டியும் ஒன்றுதான். இரண்டாவது வெள்ளம். ஆமர் வீதியில் ஒரு மணித்தியால மழைக்கே தண்ணீர் நிற்கும்; 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்று எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜீப்பில் எஞ்சினுக்குள் காற்று போகும் வாய் உயரத்தில் இருக்கிறது, அது உண்மையான நன்மை. சின்னக் காரில் அந்த வாய் தாழ்வாக இருக்கும், அதனால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய் பிஸ்டனைத் தாங்கும் கம்பியே வளைந்துவிடலாம். சில ஹைபிரிட் கார்களில் பற்றரி வேறு இருக்கைக்குக் கீழே இருக்கிறது. ஆனாலும் ஓடுகிற வெள்ளம் வேறு விஷயம்: 30 சென்ரிமீற்றர் ஆழத்திலேயே சின்னக் கார் மிதக்கத் தொடங்கலாம், 60 சென்ரிமீற்றர் பெரும்பாலான ஜீப்புகளையும் தள்ளிக்கொண்டு போய்விடும். எந்த வண்டியாக இருந்தாலும் தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். பாதிச் சேதம் அந்த இரண்டாவது முயற்சியில்தான் வருகிறது.

இனி வருடத்தின் மற்ற நாட்கள். நீங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போகிற நாட்களைக் கழித்தால் மிச்சம் எல்லாம் காலி வீதி, டூப்ளிகேஷன் வீதி, மரைன் டிரைவ், வெள்ளவத்தை லேன்கள். வண்டி நிறுத்தும் கட்டம் பொதுவாக 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம். மொண்டெரோ 4.7 மீற்றருக்குக் கிட்ட இருக்கும், ஆக நீளத்தில் ஒரு சாண்கூட மிஞ்சாது. ஜப்பானின் 660 சிசி கார்கள் சட்டப்படியே 3.4 மீற்றர் நீளத்தையும் 1.48 மீற்றர் அகலத்தையும் தாண்ட முடியாது. லேனுக்குள் திருப்புவதற்கு ஜீப்புக்கு ஆறு மீற்றருக்குக் கிட்ட ஆரம் வேண்டும், சின்னக் காருக்கு நாலரை மீற்றர் அளவு போதும். ஹம்டன் லேனில் ஒரு பக்கம் வண்டிகள் நிற்க, எதிரே த்ரீவீல் வர, பின்னால் பள்ளிக்கூட வான் ஹோர்ன் அடிக்க ஜீப்பைப் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள், புரியும். உங்கள் பிளாட்டில் லிஃப்டில் ஏற்றி அடுக்கும் பார்க்கிங் என்றால், முதலில் முகாமையாளரிடம் எடை வரம்பையும் உயர வரம்பையும் கேளுங்கள். இதை விசாரிக்காமல் ஜீப் வாங்கிவிட்டு மாதக் காசு கொடுத்து வெளியே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதே லேன்களில் உங்கள் பிள்ளைகளும் மற்றவர்களின் பிள்ளைகளும் நடக்கிறார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. முன்பக்கம் ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் நடந்து போகிறவரை மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புள்ள கார்களைவிட மரணம் நேரும் சாத்தியம் சுமார் 45 வீதம் கூடுதல் என்றது. அது அமெரிக்க வீதிகளின் எண், இங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். காரணம் மட்டும் எங்கேயும் ஒன்றுதான்: உயர்ந்த பொனட் மார்பிலும் தலையிலும் அடிக்கிறது, அதற்கு நேர் முன்னால் நிற்கும் குழந்தை ஓட்டுநருக்குத் தெரியாது. பாதுகாப்பு என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தாயாரின் முழங்காலுக்குப் பதில் சுலபம். ஜீப்பில் ஏறுவது படி ஏறுவது, அல்டோ போன்ற தாழ்ந்த காரில் இருந்து எழும்புவது குந்தி எழும்புவது. வெகன் ஆர் மாதிரி கூரை உயர்ந்த சின்னக் காரின் இருக்கை இடுப்பு மட்டத்தில் இருக்கும். திரும்பி உட்கார்ந்தால் போதும். அம்மாவையே கூட்டிக்கொண்டு போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

காசு. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுவதாகவும் லீற்றர் 300 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். கொழும்பு நெரிசலில் அந்தப் பழைய ஜீப் லீற்றருக்கு 7 கிலோமீற்றர் கொடுத்தால் மாதம் ஏறக்குறைய 43,000 ரூபா. சின்னக் கார் 14 கொடுத்தால் 21,500. இந்த வித்தியாசத்தை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். போடாதவை டயர், சஸ்பென்ஷன், கியர்பெட்டி, முன் இழுவைப் பாகங்கள். முப்பது வருட வண்டியில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும், எது எப்போது என்று சொல்ல முடியாது. சின்னக் காரின் டயர் நாலும் ஜீப் டயர் இரண்டின் விலைக்கு முடிந்துவிடலாம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது கார்களுக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த 20 லீற்றரில் சின்னக் கார் வாரம் முழுவதும் ஓடியது, ஜீப்காரர்கள் வியாழக்கிழமையே பஸ்ஸில் போனார்கள். அப்படி ஒரு காலம் திரும்ப வருமா என்பது ஆரூடம், அதை வைத்து வண்டி வாங்கச் சொல்லமாட்டேன்.

இதை வாசிக்கிற வேறு யாராவது புதிய டீசல் ஜீப் ஒன்றை யோசித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும். வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டிக்குப் பிள்ளையை இறக்கிவிட்டு வருகிற ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும். சாதாரண டீசல் அடிக்காமல் சுப்பர் டீசல் அடித்தாலும், கிழமைக்கு ஒரு தடவை அதிவேக வீதியில் ஓட விட வேண்டியிருக்கும்.

ஒட்டுசுட்டான். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு போகிற ஏ34 வரைக்கும் எந்தக் காரும் போகும். பிரச்சினை அதற்குப் பிறகு உள்ள கிரவல் பாதையும் மாரிச் சேறும். அங்கே பெரும்பாலும் தேவைப்படுவது நிலத்தில் இருந்து உயரம், நாலு சக்கர இழுவை அல்ல. ஜீப்பிலும் வழுவழுத்த வீதி டயர் போட்டிருந்தால் சேற்றில் நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். வருடத்தில் ஒரு நாளுக்கு மாங்குளத்தில் தெரிந்த ஒருவரின் வாகனத்தை வாடகைக்குப் பிடிப்பது மலிவு. மாதம் இரண்டு தடவை காணிக்குப் போய்ப் பயிர் பார்க்கப் போகிறேன் என்றால் என் பதிலே மாறும், அப்போது ஜீப் ஒரு தேவை.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. ஒன்று மறுவிற்பனை விலை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை அவற்றின் தரத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஏறியது. இனி வரியும் டொலரும் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பொறுத்துத்தான் விலை, "ஜீப் விலை விழவே விழாது" என்று சொல்கிற பிரோக்கர் உங்களைவிட அதிகம் அறிந்தவர் அல்ல. மற்றது நட்சத்திர மதிப்பீடு. கார்களை மோதவிட்டுப் பார்த்து மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2023இல் இந்தியத் தயாரிப்பு வெகன் ஆருக்குப் பெரியவர் பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது. ஆனால் இங்கே ஓடும் வெகன் ஆர்களில் பெரும்பாலானவை ஜப்பானில் இருந்து வந்த 660 சிசி வகை, பெயர் ஒன்று, வண்டி வேறு. அந்த ஒரு நட்சத்திரத்தை இதற்கு ஒட்டவும் முடியாது, ஒட்டாததால் இது நல்லது என்று சொல்லவும் முடியாது.

உங்கள் நிலையில் நான் சின்னக் காரைத்தான் எடுப்பேன், ஆனால் இருப்பதிலேயே சின்னதை அல்ல. நெடுந்தூரம் குடும்பத்தோடு போகிறவருக்கு 660 சிசியைவிட ஒரு படி மேலே, 1,000 முதல் 1,300 சிசி வரை, 2014க்குப் பிந்திய விட்ஸ் அல்லது ஸ்விஃப்ட் மாதிரி ஒன்று. ஏபிஎஸ்ஸும் வழுக்கல் கட்டுப்பாடும் இருப்பதை உறுதி செய்து எடுங்கள். ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகமே மணிக்கு 70 கிலோமீற்றர், அதற்கு இந்த எஞ்சின் தாராளம். ஐந்து பேரும் சாமானும் சேர்ந்து யாழ்ப்பாணம் போவதென்றால் சாரதியோடு வான் பிடியுங்கள், அல்லது வெள்ளவத்தையில் இருந்தே புறப்படுகிற இரவு பஸ் இருக்கிறது. காரில்தான் போவதென்றால் விடியப்புறம் புறப்பட்டுப் பகலில் ஓட்டுங்கள். வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பதில் உள்ள ஆபத்தை எந்த ஜீப்பின் எடையும் ஈடு செய்யாது. பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கைப் பட்டி போடுங்கள், இரண்டு இருக்கைக்கு நடுவில் நிற்க விட வேண்டாம்.

முற்பணம் கொடுக்க முன் சுவிட்சைப் போட்டு டாஷ்போர்டில் எயார்பேக் விளக்கைப் பாருங்கள். அது எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம்; வேறொரு விளக்கோடு சேர்ந்தே எரிந்து அணைந்தால் அதோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம். பழைய விபத்தில் வெடித்த எயார்பேக்குக்குப் பதிலாக வெறும் மூடி போட்ட வண்டிகள் சந்தையில் இருக்கின்றன. 2000களின் ஹொண்டா, டொயோட்டா வண்டிகள் சிலவற்றில் தகட்டா நிறுவனத்தின் எயார்பேக் வரும். சூடும் ஈரப்பதனும் உள்ள நாட்டில் அதன் வெடிமருந்து பழுதாகி, திறக்கும்போது இரும்புத் துண்டு பறக்கும் ஆபத்து இருப்பதால்தான் உலகம் முழுவதும் திரும்ப அழைத்தார்கள். அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்தால் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். ரெக்கண்டிஷன் வண்டிக்கு, அங்கே விற்றபோது அதன் நிலையை எழுதிய ஜப்பான் ஏலத்தாளைக் கேளுங்கள், தர மறுத்தால் விலகுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மச்சானின் ஜீப்தான் என்றால், உறவு கெடாமல் ஒன்று செய்யுங்கள்: சம்பந்தமில்லாத ஒரு கராஜில் ஏற்றி அடிச்சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை ஓரம் நின்ற வண்டியை உப்புக் காற்று மேலே விட்டுவிட்டுக் கீழேதான் தின்னும். புதுப் பெயின்ற் அடித்த அடிச்சட்டம் என்றால் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். டயர் பட்டன், அதாவது டயரின் மேல் வெட்டு, ஆழமாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம், ஓடாமல் நின்ற ஜீப்பில் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் ஒன்று பொறித்திருக்கும்: 2217 என்றால் 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். அது பத்து வருடத்தைத் தொடுகிறது என்றால் நாலையும் மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.